வியாகுல மாதாவின் மோதிர விரல்

எங்கள் அத்லிமாயா ஊரில் எலோடியாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். கோயிலில் சிலையாக நிற்கும் வியாகுல மாதா வேறு யார் கையையும் ஏற்கவில்லை, நாற்பத்தொரு வருஷம் அவள் கையால்தான் உடுத்திக்கொண்டாள், என்ன பாக்கியம், என்ன பாக்கியம் என்று. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாக்கியமாம்! அனுபவித்தவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாக்கியம். அவளுக்கு அடுத்தபடி எனக்குத் தெரியும். நான் ஹசிந்தா, அவளுடைய பெரியம்மா மகள், அவளைவிட ஒரு வயது மூத்தவள், சந்தைகளில் சோள மாவை அவித்துத் தமாலே விற்கிறவள். வாய் நீளம் என்று பெயரெடுத்தவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த நீள வாய் பத்தொன்பது வருஷம் மூடிக் கிடந்தது.

எலோடியாவுக்குப் பத்தொன்பது வயதில் விஷக்காய்ச்சல். முடியெல்லாம் கொட்டி, கண் உள்ளே போய், பாயோடு பாயாகக் கிடந்தாள். அவள் அம்மா, என் சித்தி, வீட்டிலிருந்து கோயில்வரை முழங்காலிலேயே போய் மாதா முன்னால் விழுந்தாள். "இவளப் பொழைக்க வெச்சிடு தாயே, இவள உனக்கே குடுத்துடறேன். சாகற வரைக்கும் உனக்கு உடுத்தி விடட்டும்." நேர்ந்தது சித்தி, மாட்டிக்கொண்டது இவள். தாய் நேர்ந்தால் பிள்ளை செலுத்தியே ஆக வேண்டும், எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் பிள்ளையைக் கேட்பதில்லை. காய்ச்சல் இறங்கியது. தலையில் புது முடி முளைப்பதற்குள் கோயில் சாவியைப் பார்க்காமலே கோயிலுக்குள் போய்விட்டாள்.

சாவி எப்போதும் சபை மூப்பரிடம்தான். மாதாவுக்கு உடுத்துகிற பெண்ணை நாங்கள் கமரேரா என்போம். அவள் கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புருஷன் போனவளாக. ஒரு ராத்திரிகூட ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது. ஆடக் கூடாது, கறுப்பும் பழுப்பும் தவிர உடுத்தக் கூடாது. மாதா உடை மாற்றும்போது ஆண் கண் படக் கூடாது என்பதால், கமரேராவும் துணைப் பெண்கள் இரண்டு பேரும் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குள் போனதும் மூப்பர் வெளியே பூட்டுவார். பூட்டிவிட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். மாதா முழுசாக உடுத்திக்கொண்டாள் என்று உள்ளேயிருந்து மூன்று தட்டுத் தட்டினால்தான் திறப்பார். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, தும்மினாலும் துடித்தாலும் உள்ளேதான்.

பீடத்தில் பார்க்கும்போது மாதா கறுப்பு வெல்வெட்டும் நெஞ்சில் குத்திய வெள்ளி வாளுமாக ராணி மாதிரி இருப்பாள். உள்ளே பார்த்தால் முகமும் இரண்டு கையும்தான் சிற்பம். ரோஜா நிறம் பூசிய கன்னம், கண்ணாடிக் கண், கண்ணாடிக் கண்ணீர்த் துளி. இடுப்புக்குக் கீழே நாலு பலகைச் சட்டம், அவ்வளவுதான், கோழிக்கூண்டு மாதிரி. கடைசியில் இடது கை மோதிர விரலில் ஒரு சிவப்புக் கல் மோதிரம் போட வேண்டும், அந்த நேரம் துணைப் பெண்கள் கண்ணைத் துண்டால் மூடிக்கொள்வார்கள். அதுதான் எல்லாம். புதிதாக ஒருத்தி கமரேரா ஆக வேண்டுமானால் அந்த மோதிரத்தை அவள் தன் கையால் போட வேண்டும். மூன்று அருள்நிறை மந்திரம், மந்திரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. ஏறினால் மாதா ஏற்றாள். ஏறாவிட்டால் தள்ளிவிட்டாள். தள்ளிய பெண்ணை, இருக்கிற கமரேரா சாகும்வரை மறுபடி சோதித்துப் பார்க்க மாட்டார்கள்.

எலோடியாவுக்கு முப்பது வயது ஆனபோது, பாவம் போதும் என்று சபையே இரக்கப்பட்டு வேறு பெண் தேடியது. முதலில் நியேவெஸ் வந்தாள். மோதிரம் கணுவோடு நின்றுவிட்டது. நியேவெஸை அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்த பையன் வீட்டார் வரவே இல்லை, மாதா தள்ளிய பெண் எங்களுக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து ஒரு விதவை, அடுத்து அந்தோனியார் தெரு தையல்காரி. மூன்று பேருக்கும் ஏறவில்லை. அந்த வருஷம் பார்த்து ஆலங்கட்டி மழை கொட்டி, ஆப்பிள் தோட்டமெல்லாம் பாழ். அதோடு முடிந்தது. மாதாவுக்கு எலோடியாதான் வேண்டும் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. தெருவில் போனால் ஆம்பளைகள் தொப்பியை எடுத்தார்கள். ஒருத்தனும் கையைப் பிடிக்க வரவில்லை.

ஃபிதென்சியோ வெளியூர்க்காரன், அதனால் வந்தான். ஒரிசாபாவில் ரொட்டிக்கடை வைத்திருந்தான், மனைவியை இழந்தவன். வருஷா வருஷம் மாதா திருநாளுக்கு மெழுகுவர்த்தி காணிக்கையோடு வருவான். மூன்று வருஷம் மெழுகுவர்த்தியை எலோடியா கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். நாலாம் வருஷம் வாயைத் திறந்தான்.

"உங்க மாதாவுக்கு வருஷத்துக்கு ஒன்பது உடுப்பு மாத்தறீங்க. நீங்க நாலு வருஷமா இதே பழுப்புப் பாவாடைலதான் இருக்கீங்க," என்றானாம்.

இவள், "அதுக்கென்ன இப்ப?" என்றாளாம்.

"ஒரிசாபால மஞ்சள் துணி நல்லாக் கிடைக்கும். அதச் சொன்னேன்."

இதை என் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லும்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது, காது மடல் சிவந்து போயிற்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடி கள்ளி! மஞ்சள் துணிக்கே இப்படி ஆயிட்டியே. போயேன்டி அவனோட. இந்த ஊர் உனக்கு என்ன எழுதி வெச்சிருக்கு?"

"எப்படிப் போறது? எனக்குப் பதிலா யார மாதா ஏத்துக்குவா?"

"நான் இருக்கேன்! புருஷன் போயி ரெண்டு வருஷம் ஆச்சு, புள்ள குட்டி இல்ல. என்னைத் தள்ளிடுவாளா உன் மாதா? வரட்டும் பாக்கலாம்."

அப்போது பெருமைக்குத்தான் சொன்னேன். ஆனால் அவள் அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. மாவுக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னாள்.

"மாதா யாரையும் தள்ளலடி. நான்தான் விரல உடைச்சேன்."

வந்த முதல் வருஷமே. மோதிரம் போடுவதற்காக இறுக்கமான லேஸ் கையை இழுத்துச் சரிசெய்யும்போது மோதிர விரல் நடுக்கணுவில் படக்கென்று ஒடிந்துவிட்டது. துணைப் பெண்கள் மோதிர நேரம் என்று கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்கள், பார்க்கவில்லை. இவளுக்கு முன்னால் இருந்த கமரேரா மாதாவின் காதில் ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டாள் என்று அவள் அப்பன் கடையில் உப்புக்கூட வாங்காமல் ஊர் அவர்களை விரட்டியிருந்தது. பத்தொன்பது வயதுப் பெண், யாரிடம் போய்ச் சொல்வாள்? லேஸை இழுத்து மாதாவின் கையை மூடிவிட்டு, உடைந்த விரலையும் மோதிரத்தையும் சால்வையில் முடிந்துகொண்டு வந்து, அடுத்த தடவை தச்சுக்கடை வச்சிரப் பசையை ஒரு கிண்ணியில் ஒளித்துக் கொண்டுபோய் ஒட்டினாள். மேலே முட்டை வெள்ளைக்கருவில் முகப்பவுடரைக் குழைத்துத் தடவினாள். வெடிப்பு தெரியவில்லை. ஆனால் அவசரத்தில் விரல் ஒரு பக்கம் திரும்பி ஒட்டிவிட்டது. நேராகப் போட்டால் மோதிரம் கணுவில் இடிக்கும். கல்லைக் கீழே பார்த்தபடி வைத்து, கணுவைத் தாண்டும்போது உள்ளங்கைப் பக்கம் சாய்த்து அரைச்சுற்றுத் திருப்பினால்தான் ஏறும். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அப்ப நியேவெஸ்?" என்றேன்.

"பாத்துக்கிட்டே நின்னேன். சொன்னா விரல உடைச்சது தெரிஞ்சிடும். சொல்லல. அவ வாழ்க்கை போச்சு. இன்னிக்குச் சொன்னா அவ அண்ணன்மாரே என்னைக் கல்லால அடிப்பாங்க. நானே பூட்டிக்கிட்டேன்டி ஹசிந்தா, நானே உள்ள போயி நானே பூட்டிக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டு, "சரி, காட்டு. எப்படித் திருப்பணும்?" என்றேன்.

ஃபிதென்சியோ கொண்டுவந்த மெழுகுவர்த்தி ஒன்றை அடுப்பு அனலில் காட்டி வளைத்து, கத்தியால் செதுக்கி, அச்சாக அந்த விரலைப் போலவே ஒன்று செய்தாள். என் கல்யாண மோதிரத்தை வைத்துப் பழகினேன். முதலில் பத்துத் தடவை இடித்தது. "ஐயோ, மாவு பிசையறவ கையா இது, மாடு மேய்க்கறவ கையா?" என்று அவள் கிண்டல் செய்தாள். அப்புறம் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கு மட்டும் நாற்பது தடவை போட்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன், பேசிக்கொண்டே போட்டேன், சிரித்துக்கொண்டே போட்டேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஏறியது.

செப்டம்பர் திருநாளுக்கு முந்தின நாள் சோதனை வைத்தார்கள். ஃபிதென்சியோ சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றான். எங்கள் ஊருக்கு நாளைக்கு ஒரே பஸ், மத்தியானம் இரண்டு மணிக்கு. மோதிரம் ஏறினால் எலோடியா அதில் போவதாக ஏற்பாடு. அவளுடைய துணி மூட்டை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது.

உள்ளே எலோடியா, நான், சாட்சிக்குச் சபையிலிருந்து கிழவிகள் இரண்டு பேர். மூப்பர் மகாரியோ, "மாதா சித்தம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வெளியே சாவி திரும்பியது.

அந்தச் சத்தம். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் புருஷன் எட்டு வருஷம் என்னை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். சந்தேகப் பிராணி. அவன் செத்த பிறகுதான் நான் மனுஷியானேன். வியாழக்கிழமை ஒரு சந்தை, ஞாயிற்றுக்கிழமை ஒரு சந்தை, போன ஊரில் தூங்கி, சதுக்கத்தில் இசை வாசித்தால் ஆடி, யாரும் எங்கே போனாய் என்று கேட்காமல். இதைச் சாக்கு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. சாக்குதான்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. மேலே தட்டு அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. பழைய வெல்வெட், மெழுகு, எலிப்புழுக்கை எல்லாம் சேர்ந்த வாடை. எலோடியா சட்டத்தில் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் சுவரோரத் தூணைப் பார்த்தேன். தூண் முழுக்க வளைந்த குண்டூசிகள், கீழிருந்து மேல்வரை வரிசை வரிசையாக.

"இது என்னடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உடுத்தி முடிச்சதும் ஒண்ணு குத்துவேன். எவ்வளவு ஆச்சுன்னு தெரியணும்ல," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் முகம் அன்றைக்குப் பூரித்துப் போயிருந்தது. பழுப்புப் பாவாடைக்கு உள்ளே மஞ்சள் பாவாடை கட்டியிருந்தாள், ஓரம் தெரிந்தது.

தூணின் அடுத்த பக்கம் காலியாக இருந்தது. அது எனக்கு.

கிழவிகள் முதல் அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். மோதிரத்தை எடுத்தேன். சத்தியமாகச் சாய்க்கத்தான் பார்த்தேன், ஆனாலும் கணுவில் இடித்தது. எலோடியா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். இரண்டாவது மந்திரம். கல்லைக் கீழே வைத்தேன், சாய்க்கப் போனேன், அப்போது வெளியே மகாரியோ பெஞ்சில் அசைந்து சாவி கலகலத்தது. சாய்க்காமல் தள்ளினேன். நின்றுவிட்டது.

மூன்றாவது மந்திரம் சொல்லும்போது எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பஸ் தெரிந்தது, மஞ்சள் ஓரம் தெரிந்தது, இவள் இருபத்திரண்டு வருஷம் குத்திய குண்டூசி எல்லாம் தெரிந்தது. தெரிந்தேதான் மோதிரத்தைக் கல் மேலே பார்த்தபடி நேராக வைத்தேன். கணுவில் இடித்தது. "ஏறலையே," என்றேன்.

ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா இவளையும் தள்ளிட்டா. எலோடியாதான் வேணுங்கறா."

எலோடியா என் கையிலிருந்து மோதிரத்தை வாங்கினாள். கல்லைக் கீழே வைத்து, சாய்த்து, அரைச்சுற்றுத் திருப்பி, போட்டாள். லேஸை விரல்மேல் இழுத்துவிட்டாள். கதவை மூன்று தட்டுத் தட்டுவதற்கு முன்னால், நெஞ்சுத் துணியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து வளைத்துத் தூணில் குத்தினாள்.

வெளியே வந்ததும், "நீயே போயி அவருகிட்டச் சொல்லிடு," என்றாள். "என்னால அங்க வர முடியாது."

ஃபிதென்சியோ பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தான். இரண்டு டிக்கெட்டும் தொப்பிப் பட்டையில் செருகியிருந்தது. கையில் ஒரு காகிதப் பையில் அவன் சுட்ட இனிப்பு ரொட்டி.

"மாதா விடல," என்றேன்.

"எத்தன தடவை போட்டீங்க?"

"மூணு."

"இன்னும் ஒரு தடவை..."

"முறை இல்ல."

டிரைவர் ஹாரன் அடித்தான். ஃபிதென்சியோ என் கையில் ரொட்டிப் பையைக் கொடுத்துவிட்டு, "அவங்ககிட்ட குடுத்துடுங்க," என்று சொல்லி ஏறினான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை, அந்த நாக்கை வைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும், அதையும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவன் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

மாதா தள்ளியவள் என்று என்னிடம் தமாலே வாங்குவதை நாலைந்து பேர் நிறுத்தினார்கள். நிறுத்தட்டும். நான் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போனேன். ஆனால் போன ஊரில் தூக்கம் வரவில்லை. இசை வாசித்தால் ஆடக் கால் எழும்பவில்லை. விடிந்ததும் வண்டி பிடித்து ஊருக்கு ஓடிவந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டுவேன். எலோடியா எப்போதும் போலக் காப்பி கொடுப்பாள், வெளியூர்க் கதை கேட்பாள், சிரிப்பாள். மஞ்சள் பாவாடையை வெட்டி மாதாவின் அங்கிக்கு உள் வைத்துத் தைத்துவிட்டாள். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன பெப்ரவரியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் கையை விரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இனிமேலும் அடக்கினால் வெடித்துவிடுவேன் என்று தோன்றியது.

"எலோடியா, அன்னிக்கு நான்..."

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"மூணாவது தடவை கல்ல மேல பாத்து வெச்சே. பின்னாடிதான நின்னேன்? மெழுகு விரல்ல நாப்பது தடவ போட்டவ, ஒரு தடவைகூட கல்ல மேல வெக்கலியே நீ."

கரண்டி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏன்டி சும்மா இருந்தே? அங்கயே என் தலைமுடியப் புடிச்சு இழுத்திருக்கலாமே! கத்தியிருக்கலாமே!"

"கத்தினா? நீ வேணும்னே தப்பாப் போட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. விரல உடைச்சதச் சொல்லணும். நியேவெஸுக்குப் பதில் சொல்லணும்." இருமினாள். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "நான் அவளுக்குச் செஞ்சத நீ எனக்குச் செஞ்சே. உன்னைத் திட்ட எனக்கு வாய் ஏது? ஆனா ஒண்ணு சொல்றேன் ஹசிந்தா. வலிச்சுது. ஒவ்வொரு தடவ மோதிரம் போடறப்பவும் வலிச்சுது."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நாலு நாள் கழித்துப் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து, தவக்காலத்தில் வரும் வியாகுல வெள்ளித் திருநாள் நெருங்கியது. சபை பெண் தேடியது. ஐந்து பேரை உள்ளே அனுப்பினார்கள், ஐந்து பேரும் அழுதுகொண்டே வந்தார்கள். கடைசியாக வந்தவளுக்குப் பதினேழு வயது, நியேவெஸின் தம்பி மகள். அவள் கோயில் படியில் உட்கார்ந்து, நான் என்ன பாவம் செய்தேன் என்று தன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு விம்மிக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போகக் கூடையோடு அந்த வழியாக வந்தவள் நான். நின்றேன்.

பழைய மூப்பரின் மகன்தான் இப்போது மூப்பர். அவனிடம் போய், "எலோடியா செத்துட்டா. இனி என்னை மறுபடி பாக்கலாம்ல?" என்றேன்.

அவன் பேய் முழி முழித்தான். "உங்களுக்கு அறுபத்தொண்ணு ஆச்சே அத்தை. அதுவும் ஒரு தடவ மாதா தள்ளினவங்க."

"ஏத்துக்குவாளா மாட்டாளான்னு அவ சொல்லட்டும். நீ சாவிய எடு."

சாட்சிக் கிழவிகள் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்க, முதல் மந்திரம் முடிவதற்குள் கல்லைக் கீழே வைத்து, சாய்த்து, திருப்பினேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. பத்தொன்பது வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. அன்றைக்குத் தள்ளிய மாதா இன்றைக்கு ஏற்றுக்கொண்டாள் என்று மணி அடித்தார்கள், வெடி போட்டார்கள். ஊர் வாயில் அதுவும் இப்போது ஒரு புதுமையாகிவிட்டது.

வியாகுல வெள்ளிக்கு முந்தின நாள் முதல் தடவையாக உடுத்தப் போனேன். துணைக்கு நியேவெஸின் தம்பி மகளைக் கேட்டு வாங்கியிருந்தேன். மோதிர நேரத்தில் அவள் கண்ணைத் துண்டால் மூட அனுமதிக்கப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். எலோடியாவின் குண்டூசி வரிசைக்குப் பக்கத்தில் காலியான இடம் அப்படியே இருந்தது.

மூப்பர் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். "பூட்டட்டுமா அத்தை?"

"பூட்டு," என்றேன்.